வாலியல்: ரயிலின் பின்புறம் பற்றி ஓர் ஆய்வு

ரயில் ஆர்வலர்கள் நடைமேடையின் எந்தக் கோடியில் நிற்பார்கள் என்று கேட்டால் சுண்டல் விற்பவர்கூடச் சொல்லிவிடுவார்: எஞ்சின் நிற்கும் கோடியில். டபிள்யூ.ஏ.பி.-7 என்ற எழுத்தைக் கண்ட மாத்திரத்தில், டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் மாறுமின்சாரம், பி என்றால் பயணிகள் வண்டி என்று பதம் பிரித்து உரை சொல்வார்கள். 1855-இல் லீட்ஸ் நகரில் கட்டிய ‘எக்ஸ்பிரஸ்’ எஞ்சின் பெரம்பூர்ப் பணிமனையில் மறுபடியும் உயிர்பெற்ற கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அவர்களிடம் வண்டியின் கடைசிப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

ஸ்டீவன்சன்களின் ராக்கெட் எஞ்சின் ரெயின்ஹில் போட்டியில் வென்ற 1829 முதல் ரயில் புலமை இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. எஞ்சின்களுக்குப் பெயர் சூட்டினார்கள், அருங்காட்சியகம் கட்டினார்கள், தபால்தலை வெளியிட்டார்கள். வாலுக்கு ஒன்றுமில்லை. இந்தக் குறையைப் போக்க, ‘வாலியல்’ என்ற புதிய துறைக்கு இக்கட்டுரை கால்கோள் இடுகிறது. பல்கலைக்கழகங்கள் இதற்கு நாற்காலி ஒதுக்கும்போது, அது நடைமேடையின் பின்கோடியில், கூரை முடிந்த இடத்துக்கு அப்பால் போடப்படுவதே முறை.

முதலில் இலக்கணம். இந்திய ரயில்வேயின் பொது விதிகளின்படி, பெட்டிகளோடோ பெட்டிகள் இல்லாமலோ இருக்கும் எஞ்சின் ரயில் ஆகும். தானே ஓடும் வேறு வண்டிகளும் ரயில்தான். ஆனால் தண்டவாளத்திலிருந்து எளிதில் தூக்கி எடுக்க முடியாதவையாக இருக்க வேண்டும். அதாவது, நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடக்கூடிய டிராலி ரயில் ஆகாது. ‘எளிதில்’ என்றால் எத்தனை ஆள், அவர்கள் சாப்பிட்டிருக்க வேண்டுமா என்பதையெல்லாம் விதி சொல்லவில்லை. உரையாசிரியர்களுக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது.

அமெரிக்காவின் பழைய இயக்க விதிநூல்கள் இன்னும் கறாரானவை. எஞ்சின் இருக்கலாம், பின்னால் நூறு பெட்டி இருக்கலாம். அடையாள விளக்கோ குறியோ காட்டினால்தான் அது ரயில். குறி இல்லையென்றால் அது வெறும் இரும்பு வரிசை. அந்த அடையாளம் தொங்கியது வண்டியின் வாலில். வாலியலின் முதல் நூற்பா இங்கிருந்தே பிறக்கிறது: வால் வந்தால்தான் வண்டி வந்தது.

இது விளையாட்டுப் பேச்சல்ல. இரண்டு நிலையங்களுக்கு இடையே, ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்பது பிளாக் முறையின் உயிர்நாடி. முன்னே போன வண்டி முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததற்கு ‘லைன் கிளியர்’ கிடைக்கும். ‘முழுசாக’ என்பதற்கு என்ன அத்தாட்சி? எஞ்சின் வந்தது அத்தாட்சி ஆகாது. நடுவில் கப்ளிங் அறுந்து பாதி வண்டி காட்டுக்குள் நின்றிருந்தாலும், எஞ்சின் கம்பீரமாக ஊதிக்கொண்டு வந்துவிடும். நிற்காத விரைவு வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு கடக்கும்போது, சின்ன நிலையத்தின் அறை வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வண்டிக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எஞ்சின் போன பிறகும் அவர் கண் வண்டியை விட்டு அகலாது. எங்காவது புகை வருகிறதா, சக்கரம் சூடேறியிருக்கிறதா, கடைசிப் பெட்டியில் ‘இதுதான் கடைசி’ என்று காட்டும் பலகை தொங்குகிறதா என்று பார்க்கிறார். பலகை இல்லாமல் வண்டி போய்விட்டால் பின்நிலையத்துக்கு லைன் கிளியர் இல்லை. முன்நிலையத்துக்குத் தகவல் பறக்கும். வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள்.

வாலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தின் ஆர்மா சாட்சி. 1889 ஜூன் 12 அன்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிப்போன வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. முன்பாதியை மட்டும் முதலில் இழுத்துக்கொண்டு போகலாம் என்று வண்டியைப் பிரித்தார்கள். அந்தக் கால வேக்குவம் பிரேக், குழாய் கழன்றால் பிடியை விட்டுவிடும் வகை. பின்பாதியைத் தாங்கியது கார்டு பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களும்தான். அது சரிவில் உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதியது. ஏறக்குறைய எண்பது பேர் இறந்தார்கள், பலர் சிறுவர்கள். பிளாக் முறையையும், குழாய் கழன்றால் தானாகவே இறுகிக்கொள்ளும் பிரேக்கையும் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கிய சட்டம் அதே ஆண்டில் வந்தது.

இனி அடையாளங்கள். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாகத் தீட்டிய எக்ஸ் குறி, அதனருகே ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிகிள், அதாவது கடைசிப் பெட்டி) என்று எழுதிய சின்னப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு. இந்த எக்ஸ் குறியைப் பற்றி மக்களிடையே உலவும் விளக்கங்களை மட்டும் தொகுத்தால் ஒரு முனைவர் பட்டம் தேறும். ஆனால் வாலியலார் கவனிக்க வேண்டிய நுட்பம் வேறு. ஒரு வண்டி ஊர் போய்ச் சேர்ந்து திரும்பும்போது, பெரும்பாலும் எஞ்சின் மட்டும் மறுமுனைக்கு மாறும். முன்பெட்டி பின்பெட்டி ஆகிவிடும். ஆகவே இரண்டு கோடிப் பெட்டிகளிலும் எக்ஸ் வரைந்து வைத்திருப்பார்கள். ஒன்று ஊருக்கெல்லாம் தெரியும். மற்றது எஞ்சினுக்குப் பின்னால் முகம் மறைத்து முறை வரும்வரை காத்திருக்கும். எக்ஸ் என்பது பிறவி மச்சம், எல்.வி. பலகைதான் பதவி. இன்றைக்கு யார் கடைசி என்பதை மாட்டுகிற பலகையே முடிவு செய்கிறது.

எஞ்சின் பக்தர்கள் இந்த இடத்தில் ‘மல்லார்ட்’ என்று குறுக்கிடுவார்கள். 1938 ஜூலை 3 அன்று, இங்கிலாந்தில் ஸ்டோக் சரிவில், மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனை படைத்ததே, அதில் வாலுக்கு என்ன பங்கு? உண்டு. 126 என்று சொன்னது எஞ்சின் அல்ல, அதற்குப் பின்னால் மாட்டியிருந்த டைனமோமீட்டர் பெட்டி. அதற்குள் ஓடிய காகிதச் சுருளில் பதிந்ததுதான் சாதனை. எஞ்சினோ அந்த ஓட்டத்தில் பேரிங் சூடேறி வழியிலேயே கழற்றிவிடப்பட்டது. சாதனைச் சுருளைப் பத்திரமாக ஊர் சேர்த்தவை பெட்டிகளே. வாலியல் இதற்குமேல் பெருமை பேச விரும்பவில்லை.

வாலின் சமூகவியல் தனி நூலுக்கான பொருள். எஸ்.எல்.ஆர். பெட்டி பாதி சாமான், பாதி பயணிகள், ஓரத்தில் கார்டு அறை என்ற கலவை. அந்த கார்டுக்கு 2022 முதல் ‘ரயில் மேலாளர்’ என்று பெயர், சம்பளம் மாறவில்லை. சாக்கு சுற்றிய மோட்டார் சைக்கிளும், ஐஸ் நீர் சொட்டும் மீன்பெட்டியும் அங்கேதான் ஏறும். முன்பதிவில்லாப் பெட்டிகளும் பெரும்பாலும் இரண்டு கோடிகளில்தான். ஆகையால் சின்ன நிலையங்களில் நடைமேடை முடிந்த பிறகே வால் நிற்கும்; இறங்குகிறவர் ஜல்லியில் குதிப்பார்; ‘டீ, டீ’ என்ற குரல் காதில் விழும், டீ வராது.

எதிர்வாதங்களுக்கு வருவோம். இருமுனையிலும் ஓட்டுநர் அறை உள்ள வண்டியில் வால் எது? 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபோதே தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் எழுந்துவிட்டது. அதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: தாம்பரத்தில் ஓட்டுநர் பையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார், எதிரே கார்டு நடந்து வருவார். இருவரும் கடந்துகொள்ளும் அந்த நொடியில் வண்டிக்கு வாலே கிடையாது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் பிறந்த வந்தே பாரத்துக்கும் இருபுறமும் ஒரே மூக்கு. சிவப்பு விளக்கு எரிகிற முனையே வால் என்று கொள்க.

மும்பைக்கும் புணேக்கும் இடையே, கர்ஜத் நிலையத்தில் வேறு விதமான சிக்கல். போர் காட் மலைக்கணவாய் ஏற வண்டியின் பின்னால் ‘பேங்கர்’ எஞ்சின்களை மாட்டித் தள்ள வைப்பார்கள். அவை சேரும் நேரத்தில் பயணிகள் இறங்கி வடாபாவ் வாங்குவார்கள். எஞ்சினே வாலாகிவிட்டதே என்று அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வடாபாவ் அவ்வளவு சூடு.

ஆனால் வாலியலை உண்மையாகவே திணறடிப்பது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், ஊட்டிக்கு 1908-இலும் எட்டிய இந்தப் பாதை, கல்லாறு தாண்டியதும் 12.28 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் செங்குத்தாகிறது. தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டே எஞ்சின் ஏற வேண்டும். நான்கு சிலிண்டர்: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, அங்கே வேலை செய்து தணிந்த நீராவியை வாங்கிப் பற்சக்கரத்தைச் சுற்ற வைப்பவை மற்ற இரண்டு. பெட்டிகள் உருண்டுவிடாமல் இருக்க எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். முன்பெட்டியின் வாசலில் கொடியோடு நிற்பவர் காட்டும் சைகையைப் பார்த்தே ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். அந்த எஞ்சினுக்கு முன், பின் என்ற பாகுபாடே இல்லை. மேல், கீழ் மட்டும்தான்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்துர் நகரிலும், பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் கட்டிய இந்த எஞ்சின் வகைக்கு ரயில்வே வைத்த பெயர்: எக்ஸ். கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் அதே எழுத்து. கடைசியில் நிற்கப்போவது எஞ்சின்தான் என்று தெரிந்தே வைத்த பெயர் என வாலியல் வாதாடும். தற்செயல் என்று எஞ்சின் பக்தர்கள் மறுப்பார்கள். எப்படியும் இந்த வழக்கு குன்னூர் வரைதான் செல்லும். அங்கே பல்வரிசை முடிந்துவிடுகிறது. நீராவி எஞ்சினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு டீசலை மாட்டுகிறார்கள்.