வாள்நூல் ஆயுதமா, புத்தகமா? தி.நகர் வீடு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

வாளைப் பற்றிய புத்தகம் ஆயுதமா, புத்தகமா என்ற கேள்வியைத் தமிழாய்வுலகம் இன்றுவரை எழுப்பவில்லை. தியாகராய நகரில், உஸ்மான் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் அடுக்ககத்தில் மட்டும் வருடந்தோறும் நவராத்திரியின் நவமியன்று அது எழுகிறது. அந்த வீடு இவ்வாய்வாளருடையது. ஆய்வுக்களத்தை எந்த நெறிமுறைப்படி தேர்ந்தீர்கள் என்று புறத்தேர்வாளர் கேட்டால், வாடகை கட்டுப்படியானது என்பதே பதில்.

சிக்கல் இதுதான். நம் ஊரில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாள். மணைமேல் புத்தகங்கள், கீழே அருவாமனை, சுத்தியல், திருப்புளி. இவ்வீட்டிலோ ஜப்பானிய வாள், அதன் கைக்காப்புத் தகடு, கவசம் பற்றி மட்டும் பதினேழு நூல்கள் இருக்கின்றன. வாள் ஒன்றுகூட இல்லை.

வாள் இல்லாததற்குப் பணமின்மை ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம் என்று சொல்லிக்கொள்வது மரியாதையாக இருக்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைக் கணக்கில் எடுக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை விட்டுவிடுகின்றன. அருவாமனை பிழைத்தது இப்படித்தான். புத்தகத்தின் நீள அகலம் பற்றி விதிகள் வாய் திறக்கவில்லை. என்னிடம் உள்ளவற்றில் முக்கால்வாசி 9 அங்குலத்தைத் தாண்டியவை. காலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இடது கட்டைவிரலில் சோதித்திருக்கிறேன்.

வாள் வாங்குமுன் புத்தகம் வாங்கு என்பது இத்துறைப் பெரியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி. காரணம் உண்டு. ஜப்பானியக் கொல்லர் தன் பெயரைப் பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியில் வெட்டுவார். அந்தப் பகுதிக்கு நாகாகோ என்று பெயர். பெரிய கொல்லரின் பெயரைச் சின்னக் கொல்லர் வெட்டினால் அது கிமெய், போலிக் கையெழுத்து. பாண்டி பஜார் நடைபாதையில் பெரிய கம்பெனி பெயர் போட்ட பனியன் வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. எது அசல் என்று பார்க்க, அசல் எழுத்தின் படி வேண்டும். வால்மேல் மெல்லிய தாளை வைத்துக் கட்டிமையால் தேய்த்து எடுக்கும் அந்தப் படிக்கு ஓஷிகடா என்று பெயர். நம் கல்வெட்டுக்காரர்கள் ஈரத்தாளைக் கல்லில் அறைந்து எடுக்கும் மைப்படிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாள்நூல்களில் பக்கம் பக்கமாக இந்தப் படிதான் இருக்கும். எழுத்துத் தெரியாத எனக்கு எல்லாமே அசலாகத் தெரிகின்றன.

வாள் இல்லாமல் வாள்நூல் வைத்திருப்பது கேலிக்குரியது என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது. அதை மறுக்கச் சான்று உண்டு. ஜப்பானை ஆண்ட ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி, வாள்களை மதிப்பிடும் ஹோனாமி குடும்பத்தார் 1719 வாக்கில் நாட்டின் புகழ்பெற்ற வாள்களுக்கு ஒரு பட்டியல் தொகுத்தார்கள். அதில் தீயில் எரிந்துபோன வாள்களுக்கென்றே ஒரு பகுதி. 1615இல் ஒசாகா கோட்டையோடும் 1657இல் எடோ நகரத்தின் பெருந்தீயோடும் போனவற்றுக்கும் பெயர், ஊர், அளவு எல்லாம் ஒழுங்காக உண்டு. ஆக, கையில் இல்லாத வாளை ஏட்டில் வைத்திருப்பது முந்நூறு ஆண்டு மரபு. இதைச் சொன்னபோது மனைவி, "அவங்களுக்காவது எரிஞ்சுது" என்றாள். இந்த எதிர்வாதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

நம்மவர் வாளுக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. வாளை நல்ல நாள் பார்த்துப் புறப்படவிடுவதையும், வாளை வாழ்த்தும் வாண்மங்கலத்தையும் தொல்காப்பியம் சொல்கிறது. நூல்மங்கலம் என்று ஒரு துறை இல்லை. சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரை மிச்சம். தஞ்சை அரண்மனையின் ஆயுதக் கொட்டில் 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டு, ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நான் ராபர்ட் எல்குட் 2004இல் எழுதிய பெரிய புத்தகத்தில்தான் அவற்றைப் பார்த்தேன். உண்மையான வாள்நூல் சேகரிப்பாளன் ரயில் ஏறமாட்டான்.

இந்நூல்களின் சந்தை மதிப்பையும் ஆராய்ந்தாயிற்று. போன ஆனியில் பழைய பேப்பர்காரர் ஒரு தொகுதியைத் தராசில் வைத்தார். முள் பலமாகச் சாய்ந்தது. பிறகு ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "வழவழ பேப்பர் சார். எண்ணெய் இழுக்காது. பஜ்ஜிக் கடைக்காரன் வாங்க மாட்டான்" என்று திருப்பித் தந்தார். கவச வல்லுநர்கள்கூட இவ்வளவு சுருக்கமாக மதிப்பீடு தருவதில்லை.

பராமரிப்பில் இரு மரபும் ஒரே கடையில் சந்திக்கின்றன. ஜப்பானியர் வாள் துருப்பிடிக்காமலிருக்கக் கிராம்பு வாசனையுள்ள எண்ணெய் பூசுவார்கள். நம்மவர் ஏட்டுச்சுவடிக்கு வசம்பு வைத்தார்கள். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் அடுத்தடுத்த டப்பாவில் இருக்கும். நான் வசம்பு வாங்கிப் பரணில் வைத்தேன். பலனில்லை. புத்தகத்தைத் துளைக்கும் பூச்சிக்குத் தமிழர் இட்ட பெயர் ராமபாணம். ஆறு நூற்றாண்டுக் கவசத்தை விளக்கும் நூல் ஒன்றை அது முன்னட்டையில் புகுந்து பின்னட்டையில் வெளிவந்து முடித்திருந்தது. இந்த வீட்டில் வேலை செய்யும் ஒரே ஆயுதம் அதுதான்.

இனி மூலக் கேள்வி. சென்ற நவமியன்று வாள்நூல்களை எந்தப் பக்கம் வைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. தடிமனான இரண்டை எடுத்து மணைக்கு அடியில் கொடுத்தார். மணை ஆடாமல் நின்றது. மேலே சரஸ்வதி படம், பக்கத்தில் பொரிகடலை, சுண்டல். அருவாமனைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையாலேயே அந்த இரண்டின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தார். பெயர் அழிந்துவிட்டது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படித்தாக வேண்டும். நான் உருவியது ஜப்பானில் அச்சானது. வலப்பக்கம் திறந்து, புரியாத எழுத்தின்மேல் விரல் வைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். மடிப்பிலிருந்து வெள்ளியாக ஒன்று நெளிந்து வந்தது. கையை ஓங்கினேன்.

"நல்ல நாளும் அதுவுமா அடிக்காதேடா" என்றார் அம்மா. பாணம் முதுகட்டைக்குள் திரும்பிப் போய்விட்டது.