ஊதாத் துணியும் அட்மிரல் பதவியும்

கேள்வி: பொறியாளர், உளவு, சைபர் அதிகாரிகளை எந்தப் பிரிவில் வைப்பது என்று அமெரிக்கக் கடற்படையில் ஓயாத விவாதம். பலகையை மாற்றி எழுதினால் கப்பல் வேகமாக ஓடுமா?

பதில்: கப்பலை அணுசக்தியில் ஓட வைத்த ரிக்கோவர் எந்தப் பிரிவு தெரியுமா? 1937இல் பொறியியல் பணிப் பிரிவுக்கு மாறியவர். அங்கே போனவர்களுக்குக் கடலில் கப்பல் தலைமை கிடையாது. அவருடைய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான 'நாட்டிலஸ்' வேலை மும்முரமாக நடந்த 1951, 1952 இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு ரியர் அட்மிரல் பதவியை மறுத்தார்கள். செனட் தலையிட்ட பிறகே 1953இல் கிடைத்தது. எத்தனை பெரிய அநியாயம்! யார் மேலே போகலாம் என்பதையே பிரிவுதான் முடிவு செய்கிறது.

கேள்வி: பிரிட்டிஷ் கடற்படைப் பொறியாளரின் சட்டைக் கையில் ஊதா நிறம் எதற்கு இருந்தது?

பதில்: தங்கக் கோடுகளுக்கு நடுவே தைத்த அந்தத் துணி, 'இவர் இயந்திர அறை ஆள்' என்று தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். 1950களின் நடுவில் பொறியாளர்களையும் மற்ற அதிகாரிகளோடு ஒரே பொதுப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

கேள்வி: சைபருக்குத் தனிப் பிரிவு தேவையா?

பதில்: நிச்சயம் தேவை. அமெரிக்கக் கடற்படை 2023இல் தொடங்கியும்விட்டது. சைபர் பாடம் படித்து முடித்தவரை வேறு வேலைக்கு மாற்றினால், படித்தது யாருக்குப் பயன்? ஆனால் அந்தப் பிரிவிலிருந்து அட்மிரல்கள் வருவார்களா?