தம்நெயில் தம்பி

வீடியோவை யார் எடுத்தார்கள், அதில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதன் முகப்புப் படத்தைப் போடும் தம்நெயில் தம்பிக்குத் தேவையில்லை. அவன் எந்த வீடியோவையும் பார்ப்பதில்லை. பார்த்தால் தம்நெயில் வராது என்பது அவனுடைய தொழில் ரகசியம். உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டால் ‘அதிர்ச்சி’ என்று எழுதக் கை கூசுமாம்.

ஆள் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்தவனாக இருப்பான். பத்துக்கு எட்டு அடியில் வட்டச் செயலாளரின் பிறந்தநாளை வாழ்த்தியவன். பேனருக்கு நீதிமன்றக் கெடுபிடி வந்ததும் யூடியூப்பின் 1280க்கு 720 பிக்சலுக்குள் குடியேறினான். வீடு மாறியதே தவிர சாமான்கள் மாறவில்லை. மஞ்சள் எழுத்து, அதற்குக் கறுப்பு அவுட்லைன், அதைச் சுற்றி வெள்ளை அவுட்லைன், அப்படியும் மனசு கேட்காமல் பின்னால் ஒரு நிழல். பேனரை ஊரார் ஓடும் பஸ்ஸிலிருந்து படித்தார்கள். தம்நெயிலைக் கைபேசியில் ஓட்டிக்கொண்டே படிக்கிறார்கள். இரண்டுக்கும் எழுத்து பெரிதாக, சொல் குறைவாக இருக்கவேண்டும் என்பான். இந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் மூலையைப் பிடித்து இழுக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டால் முகம் கோணாது என்று ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். 2019 பதிப்பில் அடோபிக்காரர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போது சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது. ஷிஃப்ட்டை அழுத்தினால்தான் கோணும். தம்பியின் சுண்டுவிரலுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒல்லியான அரசியல் விமர்சகர்கள் பலர் அவன் கைபட்டுத்தான் சதை போட்டிருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தோடும் அவனுக்கு ஒரு தகராறு உண்டு. அதே மென்பொருளின் அந்தப் பழைய பதிப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றாவிட்டால், யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். தேடிப்பிடிக்க நேரமில்லாத தம்பி, கொம்பு வைத்த சொற்களையே முடிந்தவரை தவிர்த்துவிடுகிறான். ‘கொடூரம்’ சரியாக விழவில்லை; ‘பயங்கரம்’ விழுந்தது. ஆகவே அன்றைய சம்பவம் பயங்கரம் ஆயிற்று. நாட்டு நடப்பின் தீவிரம் இப்படித்தான் முடிவாகிறது.

முகம் இல்லாமல் அவனுக்குத் தொழில் ஓடாது. சமையல் சேனல் வைத்திருக்கும் அக்காவிடம் படம் கேட்டான்.

“அக்கா, சாம்பாரைப் பார்த்து ஷாக் ஆகுற மாதிரி ஒரு எக்ஸ்பிரஷன் குடுங்கக்கா.”

“சாம்பார்ல ஷாக் ஆக என்னடா இருக்கு?”

“கேஸ் தீந்துபோச்சுன்னு நினைச்சுக்குங்க.”

அக்கா வாய்பிளந்தார். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. “இது கிளாரிட்டி கம்மியாயிடும்க்கா, டாக்குமெண்டா அனுப்புங்க” என்று திரும்பவும் வாங்கினான். முடிக்கற்றை ஒவ்வொன்றாக வெட்டி, பின்னணியை நீக்கி, பிஎன்ஜியாகச் சேமித்தான். அந்த ஒரு வாயை வைத்து சாம்பார், வத்தக்குழம்பு, கேழ்வரகுக் கூழ் என்று இன்னமும் காலம் தள்ளுகிறான். அக்கா கம்மலை மாற்றி எவ்வளவோ நாளாகிறது. தம்நெயிலில் இன்னும் பழைய கம்மல்தான்.

சினிமா செய்தி என்றால் இரண்டு நடிகர்களை முதுகுக்கு முதுகாக நிறுத்தி நடுவில் மின்னல் வெட்டு. ராசிபலன் என்றால் பின்னால் சனி பகவான், முன்னால் பணக்கட்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிவப்பு அம்பு. அது எதைக் காட்டுகிறது என்று கேட்கக்கூடாது. கடைசியில் ஒரு கேள்விக்குறி. ‘பிரிந்தார்கள்’ என்று போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், ‘பிரிந்தார்களா?’ என்று போட்டால் வராது என்பது அவன் சட்ட அறிவு. கேள்விக்குறி அவனுக்கு முன்ஜாமீன்.

அவனுடைய மேதைமை வெளிப்படும் இடம் வலது கீழ் மூலை. வீடியோ எத்தனை நிமிடம் என்ற சிறு கறுப்புக் கட்டம் அங்கேதான் வந்து உட்காரும். அடியில் இருப்பது மறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அந்த மூலையைக் காலியாக விடுவார்கள். தம்பியும் விவரம் தெரிந்தவன்தான். ‘பிரபல ஜோடி விவாகரத்து இல்லை’ என்று நேர்மையாக எழுதி, ‘இல்லை’யை மட்டும் அந்த மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுவான்.

கூலி விஷயத்தில் மட்டும் அவன் சாமர்த்தியம் எடுபடுவதில்லை. வியூஸ் ஏறினால் “கன்டென்ட் அப்படி” என்பார்கள் சேனல்காரர்கள். ஏறாவிட்டால் “தம்நெயில் சரியில்லப்பா.” 2024இல் ஒரே வீடியோவுக்கு மூன்று தம்நெயில்வரை போட்டுப் பார்க்கும் வசதியை யூடியூப் பரவலாகத் திறந்துவிட்டது. ஒன்றுக்குக் கொடுத்த காசில் மூன்று கேட்க ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு கொடுமை: எதைப் பார்த்து அதிகம் பேர் உள்ளே வந்தார்கள் என்பதல்ல, எதைப் பார்த்து வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதே அங்கே கணக்கு. வாசல்வரை ஆளைக் கூட்டிவருவதுதான் தன் வேலை, உள்ளே உட்காரவைப்பது வீட்டுக்காரன் பாடு என்று தம்பி வாதாடுகிறான். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அந்த ஆண்டு டிசம்பரில் யூடியூப் இன்னொன்றும் அறிவித்தது. உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் தம்நெயிலிலும் காட்டி ஏமாற்றும் வீடியோக்களின் மேல், அதுவும் சுடச்சுடச் செய்தி என்று வருபவற்றின் மேல், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப்போவதாக. தம்பி செய்தியைப் பொறுமையாகப் படித்தான். அரைமணி நேரத்தில் நாலு சேனல்களுக்கு வேலை முடிந்தது: ‘யூடியூப் மூடப்படுகிறதா?’ வாய்பிளந்த முகத்துக்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை; சாம்பார் அக்கா இருந்தார்.

அவனுடைய பெரியப்பா காலமானபோது அஞ்சலிச் சுவரொட்டியை அவனிடம்தான் ஒப்படைத்தார்கள். ‘யாரும் எதிர்பார்க்காத முடிவு!’ என்று மஞ்சளில் போட்டிருந்தான். பெரியப்பாவுக்கு வயது தொண்ணூற்றொன்று.

சேனல் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வியூஸ் வந்தாலும் வராவிட்டாலும் தம்பியின் பாக்கியை மாதக் கடைசியில் கொடுத்துவிடுங்கள். வாயை மூடியபடி எடுத்த படம் ஒன்றையும் அனுப்பிவையுங்கள், டாக்குமெண்டாக. அவன் அதைப் பயன்படுத்தப்போவதில்லை. இருந்தாலும் அனுப்பிவையுங்கள்.