காலிச் சட்டத்துக்கு ஒரு செயலி

1990 மார்ச் 18. பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் போலீஸ் வேடத்தில் இரண்டு பேர் நுழைந்தார்கள். ரெம்பிராண்ட், வெர்மீர் ஓவியங்கள் உட்பட 13 கலைப்பொருட்களை, 81 நிமிடம் சாவகாசமாக இருந்து, அள்ளிக்கொண்டு போனார்கள். காலிச் சட்டங்கள் இன்னமும் சுவரில் தொங்குகின்றன. 2018இல் ஒரு நிறுவனம் செயலி செய்தது: செல்போனைச் சட்டத்துக்கு நேரே பிடித்தால், களவுபோன ஓவியம் திரையில் அதே இடத்தில் வந்து உட்காரும்.

அபாரம். ஓவியத்தை மறைக்காத ஒரே ஆக்மென்டட் ரியாலிட்டி செயலி இதுவாகத்தான் இருக்கும். மற்ற இடங்களில் அசல் எதிரே இருக்க, நடுவே செல்போனை நீட்டி, மிதக்கும் அம்புக்குறிகளை ரசித்துவிட்டு, சார்ஜ் போட இடம் தேடுகிறோம்.

வடிவமைப்பாளர்களே, ஓவியத்தின் முன் வந்ததும் திரை தானாக அணைகிற வசதி ஒன்று வையுங்கள். ஐந்து நட்சத்திரம் நானே போடுகிறேன்.