ஏப்ரல் 31: திருமுதுகுன்றத்தில் தேதி காட்டும் கைக்கடிகாரங்கள் பற்றிய ஓர் ஆய்வு

இவ்வாய்வின் மூல ஆவணம் ஒரு மொய் நோட்டு. திருமுதுகுன்றம் என்கிற விருத்தாசலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், ஒரு மே மாதம் முதல் தேதியன்று எழுதப்பட்டது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், அதன் கீழே அழகான கையெழுத்தில் ‘ஏப்ரல் 31’. மொய் எழுத உட்கார்ந்தவர் தேதி கேட்டிருக்கிறார். பக்கத்திலிருந்த எங்கள் பெரியப்பா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆட்டோமேட்டிக் கடிகாரம் சொன்னதை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கடிகாரத்தைக் குறை சொல்ல முடியாது. தேதி வளையத்தில் 31 பல். நாளுக்கு ஒரு பல் நகரும். மாதம் 30-இல் முடிந்ததா 28-இல் முடிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் முதல் தேதியன்று கை வைத்தே ஆகவேண்டும். வருஷத்துக்கு ஐந்து தடவை. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, நந்தி ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று எதையும் ஐந்தைந்தாக எண்ணும் பழமலைநாதர் கோயில் ஊரில் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

கை வைக்கவும் நேரம் காலம் உண்டு. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் பெரியப்பாவுக்கு வகுத்துக்கொடுத்த ராகுகாலம் இது: “ராத்திரி ஒம்போதுலேர்ந்து விடியக்காலம் மூணு வரைக்கும் தேதியத் தொடாதீங்கய்யா. பல்லு போயிடும்.” அந்நேரத்தில் தேதியைத் தள்ளும் சக்கரம் பல்லில் கோத்துக்கொண்டிருக்கும், அவசரமாகத் திருகினால் ஏதாவது ஒன்று உடையும்.

கிழமையும் காட்டுகிற இந்தியக் கடிகாரங்களில் நள்ளிரவு இன்னும் விறுவிறுப்பானது. கிழமைத் தகட்டில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி அச்சாகியிருக்கும். நாம் ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும், ஞாயிறிலிருந்து திங்களுக்குப் போகும் வழியில் இந்தி கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போகும். இதை எதிர்த்து இதுவரை யாரும் தார்ச்சட்டி தூக்காததற்கு, எல்லோரும் தூக்கத்தில் இருப்பதே காரணம் என்பது எம் துணிபு. (1961-இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ‘காஞ்சன்’ ஒரு காலத்தில் மாப்பிள்ளைச் சீர். பெயருக்குப் பொன் என்று பொருள். நெடிலைக் குறிலாக்கினால், அதை வாங்கித் தராத மாமனார்.)

வசதி படைத்தவர்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பதேக் பிலிப் 1996-இல் கொண்டுவந்த கடிகாரத்தை வருஷத்துக்கு ஒரே தடவை, மார்ச் முதல் தேதி திருத்தினால் போதும். அதற்கும் முன்பே, 1985-இல், ஐ.டபிள்யூ.சி.யின் குர்ட் கிளவுஸ் லீப் வருஷத்தையும் கணக்கில் கொள்ளும் ‘டா வின்சி’யை வடிவமைத்துவிட்டார். மறு வருஷம் அதன் கூட்டைச் செராமிக்கிலேயே செய்தார்கள். கொலு பொம்மையும் பியூஸ் கட்டையும் சுடுகிற ஊர்க்காரனுக்கு இதைப் படித்தபோது தூரத்துச் சொந்தக்காரன் கலெக்டரான மாதிரி இருந்தது. நம் தொழிற்பேட்டையில் களிமண், அங்கே ஸிர்கோனியம் ஆக்சைடு. ஆனால் சூட்டில் சுருங்குவது இரண்டுக்கும் பொது. சுருங்கும் என்று தெரிந்துதான் அச்சையே பெரிதாக வைப்பார்கள். பிப்ரவரி, அந்த முன்யோசனை இல்லாதவர் எவரோ சுட்டெடுத்த மாதம்.

டா வின்சியோடு 2200-இல் மாற்றிக்கொள்ள ஒரு நூற்றாண்டுத் தகட்டையும் கண்ணாடிக் குப்பியில் போட்டுத் தந்தார்கள். பேரனுடைய பேரன் குப்பியைத் தொலைக்காமல் இருக்க வேண்டும். ஆனால் இத்தனை தொலைநோக்குள்ள கடிகாரம் கையிலிருந்து கழற்றி வைத்தால் இரண்டு நாள் தாண்டாது. விருத்தாசலத்தில் நல்ல கடிகாரம் முகூர்த்த நாளில் மட்டுமே பீரோவை விட்டு வெளியே வரும்; ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது. முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர். ஆனியில் பீரோவில் வைத்த தேதியை ஆவணியில் எடுக்கும் வரம் மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனிக்கு வேறு பல வருஷங்களில் 32 நாள். அந்தக் கடைசி நாளுக்கு எந்தப் பல்?

நின்றுபோன டா வின்சியைத் திருகித் திருகி முன்னால் கொண்டுவரலாம். பின்னால் கொண்டுபோக வழியில்லை. ஒரு நாள் கூடுதலாகத் திருகிவிட்டால், நிறுத்தி வைத்துவிட்டு நாள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. நகைக்கடையில் இலவசமாகத் தரும் தினசரி காலண்டர் அச்சுப் பிசகாமல் இதே விதியில் இயங்குகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் ஏழு தாள் கிழிக்கலாம். கிழித்ததை ஒட்ட முடியாது. லீப் வருஷத்தைச் சிவகாசியில் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ்த் தேதியும் நல்ல நேரமும் கூடுதல்; சாவி கொடுக்க வேண்டாம், ஆடி மாதமும் ஓடும்.

மொய் நோட்டு விவகாரத்துக்குப் பிறகு பெரியப்பா காலண்டரைப் பார்த்தே கடிகாரத்துக்குத் தேதி வைத்தார். போன ஆவணியில், பேரன் ஒரே இழுப்பில் இரண்டு தாளைக் கிழித்ததை யாரும் கவனிக்கவில்லை. பட்டு வேட்டி, ஜவ்வாது சகிதம் விடியற்காலையிலேயே பெரியப்பா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கடிகாரமும் காலண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துத்தான் இருந்தன. மண்டபத்தில்தான் இன்னும் வாழைமரம் கட்டவில்லை.