கிளெய்ம் மாமா

வரக்காப்பொலயில் மழை பிடித்துவிட்டால் ஊரே வீட்டுக்கு ஓடும். கிளெய்ம் மாமா மட்டும் குடையை விரித்துக்கொண்டு வெளியே கிளம்புவார். யார் வீட்டு மதில் சாய்ந்தது, எவர் டிவி மின்னலில் புகைந்தது என்று பார்த்துவரத்தான். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உள்ளே நுழைவார். உடைந்ததைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்துவிடும்.

"ஒன்னும் யோசிக்காதீங்க தங்கச்சி. கிளெய்ம் பண்ணலாம்."

இவர் காப்புறுதி ஏஜெண்ட் அல்ல. ஏஜெண்ட் கமிஷனுக்குப் பேசுவார், இவர் ஒரு பிளேன்டீக்குப் பேசுவார். கண்டி வீதிக் கடையிலிருந்து தலகுலி இனிப்பு வாங்கிவந்து நீட்டினால் பொலிசியின் பின்பக்கப் பொடி எழுத்தையும் சேர்த்து வாசித்துச் சொல்வார்.

ஆள் விஷயம் தெரியாதவரும் இல்லை. வீட்டுக் கடனுக்காக வங்கி எடுக்கச் சொல்கிற தீக் காப்புறுதியில் தீயும் மின்னலும்தான் அடிப்படை, வெள்ளம், புயல் எல்லாம் கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பவை, தற்செயல் சேதம் அதற்கும் மேலே என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாக அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. இயற்கை அனர்த்தத்தில் வீடு சேதமானால் 25 இலட்சம் ரூபா வரை நட்டஈடு என்றார்கள் அப்போது. வீட்டுக்காரர் கட்டுப்பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. இதைக் கிராம சேவகருக்கே நினைவூட்டியவர் மாமா. "ஆனா அது மலை சரிஞ்சாத்தான். பேரன் டிவியைத் தள்ளிவிட்டா நிதியம் வராது" என்று பிரித்தும் காட்டுவார்.

சறுக்குவது ஓரிடத்தில்தான். தற்செயல் சேதம் என்றால் அது திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். கறையான் அரித்த கதவு நிலை, துருப்பிடித்த தகரம், வருஷக்கணக்கான ஒழுக்கு, வீட்டுப் பூனை கிழித்த சோபா எதுவும் பொதுவாக அதில் சேராது. மாமா கறையானிடமும் ஒரு திடீரைக் கண்டுபிடிப்பார். "அரிச்சது மெதுவாத்தான். கதவு விழுந்தது திடீர்னுதானே?"

போன பலாப்பழக் காலத்தில் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரையைப் பொத்துக்கொண்டு ஒரு பழம் குசினிக்குள் இறங்கி, ரைஸ் குக்கர் மேல் உட்கார்ந்தது. அந்த வீட்டுப் பொலிசியில் தற்செயல் சேதமும் இருந்தது. மாமாவுக்கு அன்று தீபாவளி. மதிப்பீட்டாளர் வரும்வரை அந்த வீட்டு அக்காவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "பட்ட கஷ்டத்தையெல்லாம் விடாம சொல்லுங்க. அழுதாலும் தப்பில்ல."

அக்கா விடாமல் சொன்னார். "இந்த மரத்தால வருஷா வருஷம் இதே தொல்லைதாங்க சேர். போன வருஷம் பாத்ரூம் கூரை, அதுக்கு முந்தி கோழிக்கூடு."

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார்.

"சேர், சேர்!" மாமா குறுக்கே பாய்ந்தார். "பழம் விழும்னு தெரியும். குக்கர் மேலதான் விழும்னு யாரு எதிர்பார்த்தா?"

மதிப்பீட்டாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குக்கரை மட்டும் ஒரு படம் எடுத்தார். பிறகு பொலிசியைப் புரட்டி, ஒவ்வொரு கிளெய்மிலும் வீட்டுக்காரர் தானே ஏற்க வேண்டிய முதல் தொகையைக் காட்டினார். அது குக்கரின் விலையைவிடக் கூட.

மாமா கொஞ்சம் யோசித்தார். "குக்கருக்குள்ள சோறு இருந்திச்சு சேர். அதையும் சேர்த்துப் பாருங்களேன்."