ஆக்சுவலி அண்ணன்

திருவதிகைத் தேரடி டீக்கடையில் காலை 7 மணிக்கு ஒரு குரல் கேட்கும். "மாஸ்டர், ஆக்சுவலி ஒரு டீ."

டீயில் ஆக்சுவலி டீ, ஆக்சுவலி அல்லாத டீ என்று இரண்டு ரகம் கிடையாது. மாஸ்டருக்கும் அது தெரியும். ஆனால் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியதில், "அண்ணனுக்கு ஒரு ஆக்சுவலி, சக்கரை கம்மி" என்றுதான் இப்போது அவரும் பையனிடம் சொல்கிறார்.

அண்ணனுக்கு வயது 52. மனை புரோக்கர். இடையில் நாலு வருஷம் சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்தார். அங்கே சம்பாதித்த பணம் அங்கேயே தீர்ந்துவிட்டது. சொற்கள் மட்டும் குட்டி போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டன. பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார், அவர் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் மற்றவர்கள் சொல்வது "ஆக்சுவலா". ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டு நம்முடைய "ஆக"வை ஒட்ட வைத்து, வினையடையாக்கி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். பேசிக்கா, ஜெனரலா, ஃப்ராங்கா எல்லாம் அந்த வழியில் வந்த பிள்ளைகள்தான். அண்ணனும் வீட்டில் லுங்கியோடு இருக்கும்போது "ஆக்சுவலா" என்பார். வெளியூர்ப் பார்ட்டி காரை விட்டு இறங்கினால் அது "ஆக்சுவலி" ஆகிவிடும். கமிஷன் பாக்கி வைத்தவனைக் கண்டால் "யோவ், ஆச்சுவலா நீ..." என்று ஆரம்பிப்பார். எழுதக் கூடாத சொற்கள் அதற்குப் பிறகு வரும். அவற்றில் ஒன்றுகூட ஆங்கிலம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன தை மாசம் ஓர் ஆயா அவரைத் தேடி வந்தார். முந்திரிக்கொல்லையை விற்ற காசில் பேத்தி பேருக்கு ஒரு மனை வாங்க ஆசை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆக்சுவலி என்னன்னா ஆயா, இந்த பிளாட்டுக்கு ஓனரும் அவர் தம்பியும், பேசிக்கலி..."

"ஏன் பேசிக்கல? அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்ட?"

"அட, அது இல்ல ஆயா. பேசிக்கலி ரெண்டு பேருக்கும் ஒரே டாக்குமெண்ட்டு."

"ரெண்டு வாட்டி சொல்லிட்ட, பேசிக்கலன்னு. பேசிக்காதவனுங்க சொத்து நமக்கு எதுக்கு தம்பி? நாளைக்கு நான் கோர்ட்டு கோர்ட்டுன்னு அலையவா?"

சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆயா எழுந்து போய்விட்டார். பிறகு விசாரித்ததில், அந்த அண்ணன் தம்பி இருவருக்கும் மெய்யாகவே அஞ்சு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். நம் ஆள் அதைத்தான் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

அண்ணனோடு பழக வேண்டுமென்றால் அவருடைய அகராதி தெரிந்திருக்க வேண்டும். "ஆன் த வே" என்றால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறார். "ஒன் மினிட்" என்பது முக்கால் மணி நேரம். "ட்ரை பண்றேன்" என்றால் முடியாது. "டெஃபனட்டா" என்றால் நிச்சயமாக முடியாது. "நோ இஷ்யூஸ்" என்று சிரித்தால் பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறது. "ஃப்ராங்கா சொல்லணும்னா" என்று அவர் தொடங்கினால் நீங்கள் உங்கள் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வது நல்லது. போனை எடுத்தால் "சொல்லுங்க" என்று கேட்கிற நம் வழக்கத்தை அப்படியே பெயர்த்து "டெல் மீ சார்" என்பார். எதிர்முனையில் வெள்ளைக்காரன் இருந்தால் திகைத்துப் போவான்.

வெள்ளைக்காரனைச் சொன்னதும் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து 1690இல் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் அந்த விலையிலேயே அடக்கம் என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, எல்லைக்கல் இல்லை. இதைச் சொன்னபோது அண்ணன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி அனுபவித்தார். "ஆக்சுவலி, வாட் எ டீல்!"

அந்தக் குண்டு திருவதிகையை எட்டவில்லை. ஆனால் 1750களில் அவர்களே வந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வீரட்டானேசுவரர் கோயிலையே கோட்டையாக்கி மாறி மாறிப் பிடித்தார்கள். ஊர்ப் பெயர் வாயில் நுழையாமல் "ட்ரிவடி" என்று எழுதி வைத்துவிட்டும் போனார்கள். அவர்கள் நம் ஊர்ப் பெயரைப் படுத்திய பாட்டுக்கு, அவர்கள் பாஷையிடம் அண்ணன் ஒற்றை ஆளாக வட்டி வசூலிக்கிறார் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

அந்த பாஷைக்காரர்களும் நிம்மதியாக இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1976இலிருந்து, புத்தாண்டுக்குப் புத்தாண்டு, "இந்தச் சொற்களை ஒழித்துக்கட்டுங்கள்" என்று ஒரு பட்டியல் போடுகிறது. எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பொருள்பட்ட "லிட்டரலி" என்ற சொல்லுக்கு, உண்மையே இல்லாததை அழுத்திச் சொல்வது என்ற பொருளையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்துக்கொண்டது. 2013இல் அது செய்தியானபோது இங்கிலாந்தில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நம் அண்ணன் "ஆக்சுவலி"க்குச் செய்திருப்பதும் இதேதான். அவர் அகராதி போடவில்லை, அவ்வளவுதான்.

நியாயமாகப் பார்த்தால் இது புது வியாதியும் இல்லை. அண்ணனுடைய அப்பாவை எனக்குத் தெரியும். "அது வந்து... இப்ப வந்து... நான் வந்து" என்று எத்தனை முறை வந்தாலும் விஷயத்துக்கு வந்து சேர மாட்டார். மேடைக்கு மேடை "பார்த்தீங்கன்னா" போடுகிறவர்களும் நமக்கு எதையும் காட்டியதில்லை. அந்த "வந்து"வுக்குப் பேண்ட் சட்டை மாட்டிவிட்டால் ஆக்சுவலி. (அப்பாவின் "வந்து" என்னை இந்த அளவுக்கு எரிச்சல்படுத்தியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய பேச்சில் "சோ" எத்தனை வருகிறது என்று என் மகள் ஒருநாள் எண்ணிக் காட்டினாள். அந்த எண்ணிக்கை இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.)

இந்த ஊர்ச் சாமி ஆயுதம் எடுக்காமல், சிரித்தே முப்புரத்தை எரித்தார் என்பது புராணம். நாங்களும் டீக்கடையில் சிரித்துத்தான் பார்த்தோம். ஆக்சுவலி, பேசிக்கலி, அட் த எண்ட் ஆஃப் த டே என்ற அண்ணனின் மூன்று கோட்டைகளில் ஒன்றிலும் புகைகூடக் கிளம்பவில்லை.

அப்புறம்தான் ஆனி மாசம் அது நடந்தது. பண்ருட்டிப் பலாப்பழம் மலிந்து கிடந்த நேரம். பார்ட்டி ஒருத்தர் அன்போடு கொண்டு வந்த முழுப் பழத்தை ராத்திரி அண்ணன் தனியாக ஒரு கை பார்த்துவிட்டார். 12 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள ஆரம்பித்திருக்கிறார். சூலை நோயோடு சமணப் பள்ளியை விட்டு வந்த திருநாவுக்கரசர், அக்காள் திலகவதியார் கையால் திருநீறு வாங்கி, தம் முதல் பதிகத்தைப் பாடிய ஊர் இது. இங்கே வயிற்று வலி வந்தால் தமிழ் வரும்.

அண்ணனுக்கும் வந்தது. மறுநாள் அண்ணி சொன்னார்.

"மொதல்ல நான் கண்டுக்கல. எப்பவும் பண்றதுதானேன்னு இருந்தேன். ரெண்டு மணி வரைக்கும் ஐயோ, அம்மா, வயிறு, செத்தேன்னு மட்டும்தான் சொன்னாரு. ஒரு ஆக்சுவலி வரல. அப்பதான் எனக்குக் கை கால் ஒதறிப்போச்சு. ஆட்டோவுக்கு போன் பண்ணிட்டேன்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். விடியும்போது வலி அடங்கியது. டாக்டர் வந்து, "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அண்ணன் தலையணையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆக்சுவலி டாக்டர், ரெண்டே ரெண்டு சுளை."

அண்ணி கையெடுத்து வீரட்டானேசுவரர் இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டு, இனிமேல் பயமில்லை என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டார்.

சுளை 43. மறுநாள் வீடு கூட்டும்போது கொட்டையை எண்ணியவர் அண்ணிதான்.